ஒரு வாரத்துக்கு அடைத்த வால்வு

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் உட்கார்ந்து ஹீட்டர் பர்னரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது சாலமனுக்கு அந்த போன் வந்தது. ஆடி மாதம், காலை பத்தரை மணி. கையெல்லாம் டீசல் கசடு. போனை இரண்டு விரலால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"அண்ணா, நான் கலைமதி பேசுறேன். எறா கம்பெனியிலேர்ந்து."

மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரமாக இருந்த இறால் கம்பெனியில் அவள் ஷிப்ட் சூப்பர்வைசர். நான்கு மாதத்துக்கு முன்னால் சாலமன்தான் அங்கே டீசலில் ஓடும் பெரிய வாட்டர் ஹீட்டரைப் பொருத்திக் கொடுத்திருந்தான். அறுநூறு லிட்டர் டேங்க். இறால் பெட்டிகளும் மேஜைகளும் கழுவ எண்பது டிகிரி வெந்நீர். கம்பெனியில் எல்லாரும் அதை பாய்லர் என்பார்கள்.

"சொல்லும்மா."

"பாய்லர் ரூம்ல என்னமோ சத்தம் வருதுண்ணா, கொடகொடன்னு. இன்னிக்கு லோடு லேட்டாத்தான் வந்துச்சு. காலையிலேர்ந்து வெந்நி யாரும் புடிக்கல. இப்பதான் நான் கொஞ்சமா தொறந்து பாத்தேன். தண்ணியே வரல. புஸ்ஸுன்னு ஆவிதான் வருது. பயந்துபோய் மூடிட்டேன்."

"ஆபரேட்டர் எங்க? அய்யனாரு?"

"இங்கதான் நிக்கிறாரு. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டாராம். லைட்டு அணைஞ்சிடுச்சு, ஆனா பர்னர் நிக்கவே மாட்டேங்குதுன்றாரு."

சாலமன் எழுந்து நின்றுவிட்டான். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பர்னருக்குக் கரண்ட் கொடுக்கிற அந்தப் பாகத்தின் முனைகள் உருகி ஒட்டிவிட்டால் சுவிட்ச் அணைத்தாலும் ஒன்றுதான், அணைக்காவிட்டாலும் ஒன்றுதான். சூடு ஏறியதும் நிறுத்தவேண்டிய தெர்மோஸ்டாட்டும் சும்மா. டீசல் இருக்கிறவரைக்கும் எரியும்.

அதுகூடப் பெரிய ஆபத்தில்லை. என்றைக்காவது இப்படி ஆகும் என்றுதான் டேங்க் தலையில் ரிலீஃப் வால்வு என்று ஒன்று வைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் அளவுமீறினால் அது தானாகத் திறந்து வெளியே தள்ளிவிடும். ஆளும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

அந்த வால்வைத்தான் அவன் அடைத்து வைத்திருந்தான்.

வைகாசியில் நடந்தது அது. வால்விலிருந்து தினமும் தண்ணீர் சொட்டுகிறது, தரையெல்லாம் ஈரம் என்று மேனேஜர் கூப்பிட்டார். ஏன் சொட்டுகிறது என்று சாலமனுக்குத் தெரியும். வெந்நீர் திரும்பிப் பச்சைத்தண்ணீர் லைனுக்குப் போகாமலிருக்க அவன் ஒருவழி வால்வு போட்டிருந்தான். சூடேறி விரியும் தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை, அதனால் ரிலீஃப் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. அது கோளாறே இல்லை. விரிகிற தண்ணீரை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தால் சரியாகிவிடும். அது சென்னையிலிருந்து வரவேண்டும். மேனேஜரோ அன்றைக்கே சொட்டு நிற்கவேண்டும் என்றார். ஒரு வாரம்தானே என்று வால்வின் வாயில் ஒரு பித்தளை பிளக்கைத் திருகிவிட்டு வந்தான். சொட்டு நின்றது. ஒரு வாரம் இரண்டு மாதமாகிவிட்டது. மறந்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. சில நாள் படுக்கப்போகும்போது ஞாபகம் வரும். அந்தப் பக்கம் போகும்போது பார்த்துக்கலாம் என்று திரும்பிப் படுத்துவிடுவான்.

"கலைமதி, நல்லா கேளு. ஒரு குழாயையும் யாரும் தொறக்கக் கூடாது. அய்யனாரை உள்ள போயி செவுத்துல இருக்குற மெயினை இறக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு கலைமதி, "உள்ள போக மாட்டேன்றாருண்ணா. பாய்லர் நடுங்குதாம்" என்றாள்.

"சரி, போவ வேணாம். வெளியில டீசல் டேங்குக்குக் கீழ மஞ்சக் கைப்பிடி வால்வு இருக்குது. அதை மூடச் சொல்லு."

மறுபடியும் காத்திருந்தான்.

"அண்ணா, கைப்பிடி உப்புக்காத்துல துருப்புடிச்சு, திருவுனதும் கையோட வந்துடுச்சாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

டூல்ஸ் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கெஸ்ட் ஹவுஸ்காரர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார்.

இருபத்தைந்து கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவன் எண்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. இன்றைக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. கீழ்ப்புத்துப்பட்டு தாண்டி கூனிமேட்டில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. மண்ணில் இறக்கி ஏறினான். பாய்லர் ரூமுக்கும் இறால் உரிக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து உரிக்கிற பெண்களின் முதுகுகள் அவன் கண் முன்னால் வந்தன. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு. "கர்த்தரே, நான் போய்ச் சேர்றவரைக்கும்" என்று ஆரம்பித்தான். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. அனுமந்தை தாண்டியதும் சாலையின் இடதுபக்கம் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் கம்பெனியின் தகரக் கூரை தெரிகிறவரைக்கும் அந்தப் பக்கம் புகை எழும்புகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தான்.

கூரை இருந்தது.

கேட்டுக்குள் நுழைந்தபோதே சத்தம் கேட்டது. பெரிய அண்டாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. பாய்லர் ரூம் கேட்டை ஒட்டி, கட்டடத்தின் மேற்குப் பக்கம். அய்யனார் இருபதடி தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர், உதடு வெளுத்துப் போயிருந்தது. மேனேஜர் சிவப்பிரகாசம் ஆபீஸ் வாசலில் கலைமதியோடு நின்றிருந்தார்.

சாலமன் கதவின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தான். டேங்கைச் சுற்றியிருந்த தகரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சூடு காட்டும் முள் கடைசி எண்ணையும் தாண்டி ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது. மெயின் சுவிட்ச் டேங்குக்கு அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. அதை அங்கே வைத்தவனும் அவன்தான்.

"சார், ஹால்ல இருக்குறவங்களை வெளிய அனுப்புங்க. இப்பவே."

"ஏம்பா சாலமன், ரெண்டு மணிக்கு கன்டெய்னர் வருது. அறுவத்தி நாலு பேரை எழுப்பிவுட்டா நான் என்ன பண்றது? பிரஷர் ஏறினா வால்வு தானா தொறந்துக்கும்னு நீதானப்பா சொன்ன?"

"தொறக்காது சார்."

"ஏன்?"

"சொட்டுதுன்னு நீங்க கூப்டப்ப நான் அதை பிளக்கு போட்டு அடைச்சிட்டேன். ரெண்டு மாசமாச்சு. இப்ப அதுக்கு வெளிய போக வழியே இல்ல. வெடிச்சா இந்தச் செவுரு நிக்காது."

சிவப்பிரகாசம் அவனைப் பார்த்தார். திட்டவில்லை. முகம் மட்டும் ஒருமாதிரி தொங்கிப்போனது. பிறகு ஆபீசுக்குள் ஓடினார். "நான் கம்பெனி மெயினையே இறக்குறேன்!"

சாலமன் கலைமதியிடம் திரும்பினான். "வாசல் வழியா வேணாம்மா. இங்க பாய்லரை ஒட்டித்தான் வரணும். கிழக்குக் கதவு வழியா கூட்டிப் போ."

"அது கடல் பக்கம்ணா."

"தெரியும்."

அந்தக் கதவை டிசம்பருக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. சுனாமி அலை வந்த வாரத்துக்கு அப்புறம் வேலைக்குத் திரும்பிய பெண்கள் தாங்களாகவே பழைய பெட்டிகளை அதன்மேல் கூரை உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். கடல் கண்ணில் படக்கூடாது. யாரும் அடுக்கச் சொல்லவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை.

"எவளாவது தப்பா நெனச்சிக்கிட்டு கடல் வருதுன்னு கத்துனா அவ்ளோதான். எல்லாம் இந்தப் பக்கம்தான் ஓடியாருவாங்க. நான் பாத்துக்கிறேன்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

அப்போது கரண்ட் போனது. மேனேஜர் மெயினை இறக்கிவிட்டார். ஃபேன்கள் நின்றன, பர்னரின் இரைச்சல் நின்றது. சாலமன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டான்.

பத்து வினாடி இருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. கரண்ட் போனால் ஐஸ் ரூம் நிற்கக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. லைட்டுகள் எரிந்தன. பர்னர் ஒரு செருமல் செருமிவிட்டு மறுபடி குபீரென்று பற்றிக்கொண்டது.

அய்யனார் லாரியை விட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

சாலமனுக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. கிளியனூரில் அவன் மனைவி மேரிசெல்வி இந்நேரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு உலை வைத்திருப்பாள் என்று நினைப்பு ஓடியது. ஜெனரேட்டரை நிறுத்த ஆளைத் தேட நேரமில்லை. டீசல் டேங்கிலிருந்து சுவருக்குள் போகும் செம்புக் குழாய் விரல் தடிமன்தான். வால்வு மூடவில்லை என்றால் குழாயை நசுக்கலாம். ஆனால் அதற்கு பாய்லர் ரூமின் வெளிச்சுவரோரம் உட்காரவேண்டும்.

போய் உட்கார்ந்தான். செங்கல் முதுகில் சுட்டது. பைப் ரெஞ்சை எடுத்துக் குழாயைக் கவ்வினான். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பல் பிடித்தது. முழு எடையையும் போட்டு அழுத்தினான். குழாய் தட்டையானது. நசுங்கிய இடத்தில் இரண்டாக மடித்து மறுபடி நசுக்கினான். கீறலிலிருந்து டீசல் பீய்ச்சி முகத்தில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பர்னர் தும்மியது. இன்னொரு தடவை தும்மியது. அணைந்தது. மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

நெருப்பு நின்றுவிட்டது. ஆனால் உள்ளே இருந்த தண்ணீர் நிற்கவில்லை. அந்தக் கூழாங்கல் சத்தம் அப்படியே இருந்தது. அது தானாக ஆறவேண்டும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ. அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. பயத்தில் எவனாவது குழாயைத் திறந்துவிட்டால் ஆவி ஆளை உரித்துவிடும். பச்சைத்தண்ணீர் உள்ளே பாய்ந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே ஓடினான்.

பெண்கள் வெளியே வந்திருந்தார்கள். சவுக்குத் தோப்புக்கும் கட்டடத்துக்கும் நடுவிலிருந்த மணலில், முழங்கால் ரப்பர் பூட்சோடு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலைமதி கடலுக்கு முதுகு காட்டி, இரண்டு கையையும் அகல விரித்து, "என்னையே பாருங்கடி. அங்க பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. இன்னும் தள்ளி வாங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்துகொண்டிருந்தாள். ஒரு சின்னப்பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்து நடந்தாள். அழுகிறவர்களும் இருந்தார்கள். யாரும் ஓடவில்லை.

தோப்போரம் போனதும் கலைமதி தலையை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"அறுவத்தி மூணுதான் இருக்குது."

"யாரு இல்ல?"

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "கொளஞ்சியக்கா. கடல் பக்கம்னு சொன்னதும் எழுந்து பொட்டி கழுவுற ரூமுக்குப் போனாங்க. வந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

பெட்டி கழுவும் அறை பாய்லர் ரூமை ஒட்டியது. வெந்நீர்க் குழாய் அங்கேதான் முதலில் வருகிறது.

கலைமதி ஓரடி எடுத்து வைத்தாள். "நீ இரு. இவங்களை வுட்டுட்டு வராத" என்றான் சாலமன். தைரியத்தில் சொன்னதல்ல. வேறு யாராவது போய் ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்ற பயத்தில் சொன்னான்.

ஹால் காலியாக இருந்தது. மேஜைகளில் பாதி உரித்த இறால். ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் பூட்ஸ் சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. பெட்டி கழுவும் அறைக் கதவைத் தள்ளினான்.

கொளஞ்சியம்மாள் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. முதுகு சரியாக பாய்லர் ரூம் சுவரில் சாய்ந்திருந்தது. தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. மூட்டில் ஒரு நூல் ஆவி கசிந்தது.

"யக்கா, எழுந்திருங்க. பாய்லர் வெடிக்கப்போவுது."

"வெடிக்கட்டும். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

"அக்கா..."

"எம் புள்ளையை அங்கதான் எடுத்தாங்க. அந்தச் சவுக்குத் தோப்புல. ரெண்டு நா கழிச்சு. அந்தக் கதவைத் தாண்டி என்னைக் கூப்புடாதய்யா. நீ போ. நீயாச்சும் போ."

சாலமன் அவள் எதிரில் குந்தினான். தலைக்கு மேலே மூட்டு கீச்சென்றது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. உண்மைதான் வந்தது.

"இது வெடிச்சா அதுக்குக் காரணம் நான்தான்க்கா. அடைக்கக் கூடாததை அடைச்சது நானு. நீங்க எழுந்திருக்காம நான் போவ முடியாது. எனக்குப் பயமா இருக்குது. என் கையைப் பாருங்க."

அவள் பார்த்தாள். டீசல் வழிந்த அந்தக் கை குளிர்காய்ச்சல் வந்தவன் கைபோல உதறிக்கொண்டிருந்தது.

"கடல் பக்கம் வேணாம்" என்றாள்.

"வேணாம். வேற வழி பாப்போம்."

மேற்கு வாசல் பாய்லர் பக்கம். சாலமன் நாலாபுறமும் பார்த்தான். ஹாலின் வடக்குச் சுவரில் ஐஸ் கட்டிகளைச் சறுக்கிவிடும் ஓட்டை ஒன்று இருந்தது. இரண்டடிச் சதுரம், தகர மூடி. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். மூடியை உதைத்துத் திறந்தான். அவள் தலையை நுழைத்தாள், தோள் மாட்டிக்கொண்டது. ஒரு கையை முன்னால் நீட்டச் சொல்லித் தள்ளினான். வெளியே ஈர மணலில் பொத்தென்று விழுந்து "அய்யோ இடுப்பு" என்றாள். அவனும் நுழைந்தான். சட்டை தகரத்தில் மாட்டிக் கிழிந்தது. வயிற்றில் நீளமாக ஒரு கீறல். எழுந்து அவளை இழுத்துக்கொண்டு வடக்கே உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த கொட்டகைப் பக்கம் ஓடினான்.

கொட்டகையை எட்டவில்லை, பின்னால் அந்தச் சத்தம் வந்தது.

வெடிச் சத்தம் இல்லை. ஒரு கூவல். ரயில் என்ஜின் காதுக்குள் நுழைந்ததுபோல. இருவரும் குப்புற விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது பெட்டி கழுவும் அறையின் ஜன்னல் பிய்ந்து வந்து கிடந்தது. அந்த ஓட்டை வழியாக ஆவி வெள்ளை வெளேரென்று கிடைமட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. கசிந்துகொண்டிருந்த மூட்டு விட்டுவிட்டது. டேங்க் தனக்கொரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் ஒன்று எழும்பி, படபடவென்று அடித்து, சாய்ந்தது. தோப்புப் பக்கம் பெண்கள் அலறினார்கள். கொளஞ்சியம்மாள் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாலமன் கண்ணை மூடவில்லை. டேங்க் கிளம்புமா, சுவர் பிளக்குமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தான்.

ஆறேழு நிமிஷம் கூவியது. பிறகு இளைத்தது. சீறலாகி, பெருமூச்சாகி, அடங்கியது. மேனேஜர் எங்கிருந்தோ ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அதற்கப்புறம் அலையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்று மணிக்குத்தான் சாலமன் யாரையும் உள்ளே விட்டான். அவன் வயிற்றுக் கீறலைத் தவிர ஒருவருக்கும் காயமில்லை. பெட்டி கழுவும் அறையில் பிளாஸ்டிக் பெட்டிகள் உருகிக் கோணிக்கொண்டு கிடந்தன. கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்த மூலையில் சுவரின் பூச்சு முழுக்க உரிந்து செங்கல் தெரிந்தது. கலைமதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அடைச்சப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணா" என்றாள். "டெய்லி அதுகிட்ட நிக்கிறது நாங்கதான்."

நாலு மணிக்கு பாண்டிச்சேரியிலிருந்து அவன் முதலாளி தட்சணாமூர்த்தி போனில் வந்தார். மேனேஜர் சொல்லிவிட்டிருக்கிறார் போல. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அறிவு கெட்டவனே. சரி, ஆனது ஆச்சு. உப்புக்காத்துல வால்வு இறுகிப்போச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடு. கடலோரம், யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் அடைச்சேன்னு சொல்லிட்டேன் சார்."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"நாளைக்கு ஆபீசுக்கு வா. சாவியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்து ஒப்படைச்சிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாலமன் வண்டிமேல் உட்கார்ந்தான். அப்போதுதான், எல்லாம் முடிந்தபிறகுதான், அவனுக்கு வேறொரு பயம் வந்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு ஹீட்டர் பொருத்தியிருக்கிறான். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதிலெல்லாம் சொட்டியது? எதையெல்லாம் அடைத்தான்? இங்கே ஒன்று. வானூர் போகிற வழியில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று. திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு வெந்நீர் போடுவார்கள்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் வரிசையாக நின்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சட்டையும் டீசல் முகமுமாக ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹீட்டர் ரூமுக்குள் ஓடுவதைப் பார்த்து வார்டன் அப்பாவு பின்னாலேயே வந்தார். சாலமன் மெயினை இறக்கினான். டீசல் வால்வை மூடினான். அது இன்னும் மூடக்கூடியதாக இருந்தது. முள்ளைப் பார்த்தான். எழுபத்தைந்து. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மெக்கானிக்கு, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே" என்றார் அப்பாவு. "நல்லாத்தான ஓடுது? பசங்க குளிக்க வேணாமா?"

"இன்னிக்கு பச்சத்தண்ணியில குளிக்கட்டும் சார்."

"ஆடிக்காத்துல பச்சத்தண்ணியா? ரிப்பேருன்னா என்ன ரிப்பேருன்னு சொல்லு."

"மெஷின்ல ரிப்பேர் எதுவும் இல்ல சார். நான் ஒரு தப்புப் பண்ணி வச்சிருக்கேன். அதை எடுக்கணும். எடுத்தா தண்ணி சொட்டும். சொட்டுனா சொட்டட்டும், அடைக்கச் சொல்லி என்னைக் கூப்புடாதீங்க. வேற யாரையும் கூப்புடாதீங்க."

அப்பாவு முணுமுணுத்துக்கொண்டே பையன்களை அடுத்த தொட்டிக்கு விரட்டப் போனார். டேங்க் ஆறுகிறவரைக்கும் சாலமன் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஆறியபின் அழுத்தத்தை வடித்துவிட்டு வால்வின் பிளக்கில் ஸ்பேனரை வைத்தான். மெல்லத் திருகிக் கழற்றினான்.

கல்யாண மண்டபத்துக்கு இன்னும் போகவேண்டியிருந்தது.